பற்றவைக்கும் முன்னும் அணைத்த பின்னும்: தார் போடும் இயந்திரங்களின் பர்னர் பராமரிப்பு

தார்ச்சாலை போடும் பேவர் இயந்திரத்தின் பின்பக்கத்தில், கலவையை மட்டமாக இழுத்துவிடும் கனத்த இரும்புப் பகுதிக்கு ஸ்கிரீட் என்று பெயர். டிப்பர் கொட்டும் ஹாட்மிக்ஸை முன்தொட்டி வாங்கிக்கொள்கிறது. கன்வேயர் அதைப் பின்னால் கொண்டுபோகிறது, திருகு வடிவ ஆகர் இருபுறமும் பரப்புகிறது. கடைசியில் ஸ்கிரீட்டின் அடித்தகடு கலவையின் மேல் மிதந்தபடி வழுக்கிப் போகிறது. 1930களில் அமெரிக்காவின் பார்பர்-கிரீன் நிறுவனம் பரவலாக்கிய இந்த மிதக்கும் ஸ்கிரீட்தான் இன்றைய பேவர்களுக்கெல்லாம் மூலம். அந்தத் தகடு ஆறிக் கிடந்தால் கலவை அதில் அப்பிக்கொள்ளும், போட்ட பரப்பு கிழிந்து வரிவரியாக வரும். அதனால் முதல் லோடு இறங்கும் முன்பே தகட்டைச் சூடேற்றியாக வேண்டும். அதற்காகத்தான் ஸ்கிரீட்டுக்குள் பர்னர்கள்.

இவை நாள் முழுக்க எரிவதில்லை. கால் மணியிலிருந்து அரை மணி நேரம் எரிந்து தகடு சூடேறிவிட்டால், அப்புறம் ஓடும் கலவையே சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். லாரி வரத் தாமதமானால் இடையில் கொஞ்ச நேரம் மறுபடி பற்றவைப்பார்கள். இவ்வளவு குறைவாக எரியும் ஒரு கருவி ஏன் இத்தனை பேரைச் சுடுகிறது? ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கும் பர்னரால் வரும் ஆபத்து குறைவு. பற்றவைக்கும்போது, தானாக அணைந்துபோனபோது, அணைத்த கையோடு கழுவும்போது, அடைப்பு எடுக்கக் கழற்றும்போதுதான் தீ கட்டுக்கு வெளியே போகிறது. அதாவது வேலை நேரமாக யாரும் எண்ணாத நேரத்தில். நம் ஊரில் தார்க்கலவைக்குக் கன மீட்டர் கணக்கில்தான் பில் போடுகிறார்கள். பர்னர் ஆறக் காத்திருந்த அரை மணி எந்த அளவுப் புத்தகத்திலும் ஏறாது. பர்னர் பராமரிப்பில் நடக்கும் தவறுகளின் வேரைத் தேடிப்போனால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறோம் என்பது என் கருத்து.

சூடு ஏன் இவ்வளவு கறாராக வேண்டியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2013ஆம் ஆண்டுத் தர விவரக்குறிப்பின்படி, விஜி-30 ரகத் தார் சேர்ந்த கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ரோலர் ஓடும்போது 90 டிகிரிக்குக் கீழே போய்விடக் கூடாது. இந்த இரண்டு எண்களுக்கு இடையிலான சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். மழைமேகம் கூடினாலோ, கலவை தயாராகும் பிளாண்டிலிருந்து வரும் வழியில் லாரி மாட்டிக்கொண்டாலோ தளத்தில் பதற்றம் ஏறும். அந்தப் பதற்றத்தில் முதலில் கைவிடப்படுவது பர்னருக்கு உரிய நிதானம்.

பர்னர்களில் கேஸில் எரிவது, டீசலில் எரிவது என்று இரண்டு வகை. மூன்றாவதாக, தீயே இல்லாத மின்சூடு. நம் சாலைகளில் ஓடும் பழைய பேவர்களில் கேஸ் வகையே மிகுதி என்பதால் அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

எல்பிஜி ஆவி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். சமையலறையில் இதை எல்லோரும் அறிவார்கள். சாலையில் அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த மில்லிங் குழி பேவருக்கு அடியிலேயே இருக்கிறது. பக்கத்தில் மழைநீர் வடிகாலின் வாய் திறந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட அபாயமானது ஸ்கிரீட்டே. அடித்தகட்டுக்கும் மேல்மூடிக்கும் இடையிலுள்ள இரும்புப் பெட்டிக்குள் பர்னர் உட்கார்ந்திருக்கிறது. வால்வு திறந்திருந்து தீ பிடிக்காமல் போனால் கேஸ் அந்தப் பெட்டியில்தான் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் ஒன்பது பங்கு வரை கேஸ் கலந்தால் தீப்பிடிக்கும் கலவை தயார். ஒரு லிட்டர் திரவ கேஸ் ஏறத்தாழ 250 லிட்டர் ஆவியாக விரியும் என்பதால், திறந்த வால்வு அந்த அளவை எட்ட அதிக நேரம் ஆகாது.

கசிவை மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது. எல்பிஜிக்கு இயல்பாக மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். கொதிக்கும் தாரின் நெடிக்குள் மணிக்கணக்கில் நிற்கிறவனின் மூக்கு அந்த நாற்றத்தைப் பிரித்தறியாது. தீ எரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதும் அப்படியே. சரியான காற்றோடு எரியும் கேஸ் தீ வெளிர்நீலம், மே மாத உச்சிவெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. எரிகிறதா இல்லையா என்று குனிந்து எட்டிப் பார்க்கிறவரின் முகம்தான் முதலில் வெந்துபோகிறது. சென்னையில் இரவில் சாலை போடும்போது இந்த ஒரு சங்கடமாவது குறைகிறது.

பற்றவைக்கும் முறை எளிது, சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. மூடிகளைத் திறந்து பெட்டிக்குள் காற்றோட விட வேண்டும். ஊதுவிசிறி இருந்தால் முதலில் அதை ஓட்டிப் பழைய ஆவியை வெளியேற்ற வேண்டும். தீப்பொறி தயாராக இருக்கும்போதுதான் வால்வைத் திறக்க வேண்டும், சில நொடிகளில் பிடிக்கவில்லையென்றால் வால்வை மூடிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து காற்றாட விட்டபிறகே மறுமுயற்சி. நடைமுறையில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. வால்வைத் திறந்துவிட்டு லைட்டர் தேடுவார்கள். பொறி வேலை செய்யாத இயந்திரத்தில் குச்சி நுனியில் துணியைச் சுற்றி டீசலில் நனைத்து, பற்றவைத்து உள்ளே நீட்டுவார்கள். நான்கு பர்னரில் ஒன்று அணைந்திருக்கும், மற்ற மூன்றும் எரிகின்றன என்ற தைரியத்தில் அதன் வால்வு திறந்தே கிடக்கும்.

இந்தக் கடைசித் தவறைத் தடுக்கவே தெர்மோகப்பிள் என்ற சின்னஞ்சிறு பாதுகாவல் இருக்கிறது. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்த முனை தீயின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அது சூடாக இருக்கும்வரை சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும், அந்தச் சொற்ப மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்த நிலையில் பிடித்துவைத்திருக்கிறது. தீ அணைந்தால் முனை ஆறும், மின்சாரம் நிற்கும், வால்வு தானே மூடிக்கொள்ளும். யாருடைய நினைவாற்றலையும் அது நம்பியிருக்கவில்லை. ஆனால் புகைக்கரி படிந்தாலோ, ஸ்கிரீட்டின் அதிர்வில் முனை இடம் நகர்ந்தாலோ, நல்ல தீ எரியும்போதே வால்வு மூடிக்கொள்ளத் தொடங்கும். காலையில் அவசரம், லாரி நிற்கிறது. அப்போது யாரோ ஒருவர் வால்வின் அழுத்துபொத்தானைக் கம்பி கட்டி நிரந்தரமாக அமுக்கிவிடுகிறார். அன்றைய வேலை ஓடிவிடும், கம்பி மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அடுத்து வரும் ஆபரேட்டருக்கு அது கோளாறாகவே தெரியாது, இயந்திரத்தின் ஒரு பாகம்போலத் தெரியும். பேவரைப் பார்வையிடப் போகும் எந்த இன்ஜினியரும் முதலில் தேட வேண்டியது இந்தக் கம்பியைத்தான்.

தெர்மோகப்பிளின் கரியைத் துடைப்பதும், முனையைத் தீயின் நடுவில் நிறுத்திவைப்பதும் பத்து நிமிட வேலை, ஆனால் இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். பர்னர் பராமரிப்பில் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். வேலை சிறியது, அதற்கு முன் இயந்திரம் ஆற வேண்டிய நேரம் பெரியது. நாசில் துளையை எடுத்துக்கொள்வோம். அடைத்துக்கொண்டால் கையில் கிடைத்த இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவது வழக்கம். அந்தத் துளையின் விட்டத்தை வைத்துத்தான் எவ்வளவு கேஸ் வர வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கம்பி அதை அகலப்படுத்திவிட்டால் கேஸ் கூடும், காற்று போதாது, தீ மஞ்சளாகும், கரி கொட்டும், கார்பன் மோனாக்சைடு கூடும், தகடு ஓரிடத்தில் மட்டும் அதிகமாகக் காய்ந்து வளையும். வளைந்த தகடு போடும் சாலை ஒருபோதும் மட்டமாக வராது. கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், துளை பெருத்திருந்தால் புது நாசில் போட வேண்டும். இன்னொன்றும் நம் ஊருக்கு முக்கியம். வேலையில்லாமல் சில வாரம் யார்டில் நின்ற பேவரில், காற்று நுழையும் குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டிவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பற்றவைத்தால் தீ பின்னோக்கிக் குழாய்க்குள்ளேயே எரியும். மழைக்காலம் முடிந்து இயந்திரத்தை முதன்முதலில் எடுக்கும்போது ஒவ்வொரு குழாயையும் டார்ச் அடித்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

ஓஸ் பைப்பின் கதி இன்னும் மோசம். ஸ்கிரீட்டில் கலவையை இடித்து இறுக்கும் டேம்பரும் வைப்ரேட்டரும் நாள் முழுக்க அதிர்கின்றன, நட்டுகள் தளர்கின்றன. தாரும் டீசலும் தெறித்த ரப்பர் ஊறி இளகுகிறது. கேஸுக்கென்றே ஐஎஸ் 9573 தரத்தில் ஓஸ் தயாராகிறது. அதை விட்டுவிட்டு வெல்டிங் கடையிலோ தண்ணீர் பம்புக் கடையிலோ கிடைத்த குழாயைப் பூட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். மூட்டுகளைச் சோப்பு நுரை தடவிச் சோதிக்க வேண்டும், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்ப்பது இன்னும் நடக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

சிலிண்டர் விஷயத்தில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வணிகப் பயன்பாட்டுக்கு 19 கிலோ, 47.5 கிலோ சிலிண்டர்கள் இருக்க, மானிய விலையில் கிடைத்த 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை மாட்டுவது முதலாவது. 2000ஆம் ஆண்டின் எல்பிஜி விநியோக ஆணைப்படி அது குற்றம். சட்டத்தைவிட முக்கியம், அந்தச் சிலிண்டருக்குரிய ரெகுலேட்டர் வீட்டு அடுப்புக்கான குறைந்த அழுத்தத்தில்தான் கேஸ் தரும் என்பது. ஸ்கிரீட் பர்னருக்கு அது போதாது என்பதால் ரெகுலேட்டரையே கழற்றிவிடுகிறார்கள். இரண்டாவது, நான்கு பர்னர் ஒரு சிலிண்டரை வேகமாக உறிஞ்சும்போது திரவம் ஆவியாகக் குளிர்ந்து, சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து உறைகிறது, அழுத்தம் விழுகிறது. உடனே அதற்குத் தீ காட்டுவது அல்லது சூடான கலவைமேல் வைப்பது. சரியான வழி இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைப்பதுதான். மூன்றாவது, சிலிண்டரைப் படுக்கவைப்பது. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே பர்னருக்குப் போகும், தீ ஆள் உயரத்துக்குச் சீறும்.

அணைக்கும் வரிசைக்கும் ஒரு நியாயம் உண்டு. சிலிண்டர் வால்வை முதலில் மூட வேண்டும். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் பர்னரில் எரிந்து தீரும், தீ தானே அணையும். அதன்பிறகே பர்னர் வால்வு. இப்படிச் செய்தால் இரவு முழுக்க ஓஸுக்குள் அழுத்தம் நிற்காது. மறுநாள் காலையில் பழுதுபார்க்க வருபவருக்குக் காலிக் குழாய் கிடைக்கும்.

இனி டீசல். பர்னர் எரிபொருளாக மட்டும் இல்லை, தளத்தில் எல்லாவற்றுக்கும் டீசல்தான் மருந்து. மண்வெட்டியில் ஒட்டிய தாரைக் கரைக்க, லாரித் தொட்டியில் ஒட்டாமல் இருக்க, மாலையில் ஸ்கிரீட்டைக் கழுவ. ஒருவர் கைப்பம்பில் டீசலை நிரப்பி ஆகரின் மேல், டேம்பரின் இடுக்கில், தகட்டின் விளிம்பில் பீய்ச்சிக்கொண்டே வருவார். பர்னர் அணைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இந்தியத் தரமான ஐஎஸ் 1460, டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்கிறது. வேலூரில் மே மாத நிழலே அதைத் தாண்டும். திரவமாகக் கிடக்கும் டீசலைவிடத் துளியாகப் பறக்கும் டீசல் இன்னும் எளிதில் தீப்பிடிக்கும். அடித்தகட்டின் 140 டிகிரிச் சூடு மட்டும் டீசலைத் தானாக எரியவைக்காது. ஆனால் பர்னர் வாயருகே இரும்பு அதைவிட மிக அதிகமாகக் காய்ந்திருக்கும், அணைந்ததாக நினைத்த பக்கத்துப் பர்னரில் சிறு தீ எரிந்துகொண்டும் இருக்கலாம்.

இங்கே தொழிலாளியின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தார் ஆறினால் கல்லாகிவிடும், அப்புறம் சுரண்ட முடியாது. சூடாக இருக்கும்போதுதான் போகும் என்பது அனுபவம் சொல்லும் உண்மை. 'ஆறட்டும், பிறகு கழுவு' என்று மட்டும் உத்தரவு போடுகிற பாதுகாப்பு அதிகாரி அந்த உண்மையைத் தெரியாதவர். இதற்கு வழி இருக்கிறது. கலவை தீர்ந்தவுடன் சிலிண்டரை மூடி, குழாயைக் கழற்றித் தள்ளிவைத்துவிட்டு, வெதுவெதுப்பில் சுரண்டியால் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். ஒட்டுவதைத் தடுக்க, எளிதில் தீப்பற்றாத ரிலீஸ் ஏஜென்ட் தெளிக்கலாம். டீசல் தாரைக் கரைக்கும் பொருள் என்பதால் சாலையில் சிந்தும் இடமெல்லாம் புதுப்பரப்பு இளகிக் குழி விழும். ஆகவே அதைக் கைவிடுவது சாலையின் ஆயுளுக்கும் நல்லது. கலவையின் சூட்டை அளக்க சைட் இன்ஜினியர் கையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கிறது. அதையே ஸ்கிரீட் பக்கம் திருப்பி, பர்னர் வாய் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு நொடி போதும்.

பர்னரைக் கழற்ற ஸ்கிரீட்டைத் தூக்கி அடியில் நுழைபவர் தீயைமட்டும் நினைத்தால் போதாது. நடுத்தரப் பேவரின் ஸ்கிரீட்டே டன் கணக்கில் எடை. ஹைட்ராலிக் ஓஸ் ஒன்று விட்டுப்போனால் அப்படியே இறங்கும். பூட்டுமுளைகளை மாட்டி, அடியில் கட்டை முட்டுக்கொடுத்த பிறகே கை உள்ளே போக வேண்டும். இன்ஜின் சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

பேவருக்கு முன்னால் ஓடும் தார் ஸ்பிரேயர் வண்டியில் ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. தொட்டிக்குள் வளைந்து போகும் தீக்குழாய்களுக்குள் பர்னர் எரியும், தார் அவற்றைச் சூழ்ந்திருக்கும். தார்மட்டம் குழாய்க்கு மேல் குறைந்தது ஓரடியில் பாதியாவது நிற்க வேண்டும் என்பது பொது விதி. குழாய் வெளியே தெரிந்தால் அதன் சூட்டில் தாரின் ஆவி தீப்பிடிக்கும். சமதரையில் நிறுத்தித்தான் சூடாக்க வேண்டும், தெளிக்கும்போதும் ஓடும்போதும் பர்னர் எரியக் கூடாது. தண்ணீர் இன்னொரு எதிரி. தண்ணீர் கலந்த தாரான எமல்ஷன் ஏற்றிய தொட்டியைச் சரியாகக் காலிசெய்யாமல் சூடான தாரை ஊற்றினால், அடியில் தங்கிய தண்ணீர் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் நீராவியாக விரியும். தார் நுரைத்துப் பொங்கி மூடிவழியே வெளியே கொட்டும். பிளாண்டின் டிரம் பர்னரில் அளவு பெரிது, இலக்கணம் இதேதான். மறுபடி பற்றவைக்கும் முன் காற்றை ஊதி உள்ளே தேங்கிய எரிபொருளை வெளியேற்ற வேண்டும்.

மின்சூடு ஸ்கிரீட் வந்தால் இவையெல்லாம் தீருமா? கேஸும் திறந்த தீயும் போய்விடுகின்றன, தகடு முழுக்க ஒரே சீராகச் சூடேறுகிறது, ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்க வேண்டும் என்பேன். ஜெனரேட்டரும் காப்பு உரிந்த கேபிளும் வேறு அபாயங்களைக் கொண்டுவரும். ஆனால் அவற்றைத் துண்டிக்கவும் பூட்டவும் ஒரு தெளிவான சுவிட்ச் இருக்கிறது. பழைய கேஸ் பேவர்கள் கைமாறிக் கைமாறி இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகள், 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு எல்லாம் இருக்கின்றன. முதல் இரண்டும் பெரும்பாலும் எரிபொருளைச் சேமிப்பதிலும் கொண்டுபோவதிலும் கண்ணாக இருக்கின்றன. தளத்தில் பர்னரை யார் திறக்கலாம் என்ற கேள்வி காண்டிராக்டரின் பழக்கத்துக்கே விடப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் மட்டும் இப்படியில்லை. பழுதுபார்க்கும் முன் எரிசக்தியைத் துண்டித்துப் பூட்ட வேண்டும் என்று அமெரிக்கா 1989இல் கொண்டுவந்த விதி கட்டுமானத் துறையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. அதே அமெரிக்காவில் நல்ல முன்மாதிரி ஒன்றும் உண்டு. 1997இல் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், சாலைப்பணிச் சங்கங்களும் இயந்திரத் தயாரிப்பாளர்களும் சேர்ந்த ஏற்பாட்டில், அந்த ஆண்டு ஜூலை முதல் தயாராகும் பெரிய பேவர்கள் எல்லாவற்றிலும் தார்ப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு வர வழிசெய்தது. தொழிலாளி யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, இயந்திரமே அதோடு வந்தது. தீ அணைந்தால் மூடிக்கொள்ளும் வால்வையும் தானியங்கிப் பற்றவைப்பையும் இதே வழியில் நம் டெண்டர் நிபந்தனைகளில் சேர்க்கலாம்.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியது குறித்துத் தளங்களில் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. தோலில் ஒட்டிய சூடான தாரைப் பிய்த்தெடுக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். டீசலால் துடைக்கவே கூடாது. ஒட்டியிருக்கும் நிலையிலேயே குறைந்தது இருபது நிமிடம் தண்ணீர் விட்டு ஆறவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே எண்ணெய்ப் பொருள்களால் மெதுவாகக் கரைத்து எடுப்பார்கள். தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை, சக்கரத்தில் தார் ஒட்டாமலிருக்க ரோலரின் தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது. எரியும் தாரின்மேல் மட்டும் அதை ஊற்றக் கூடாது, அதற்கு உலர்தூள் தீயணைப்பான் வேண்டும். கேஸ் தீயில் தீயை ஊதி அணைப்பதைவிட வால்வை மூடுவதுதான் முதல் வேலை.

இவற்றில் பெரும்பகுதி இயந்திரத்தோடு வரும் கையேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சான அந்தக் கையேடு அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஸ்கிரீட்டின் மேல் நிற்கும் ஹெல்பர் தர்மபுரியிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர். பற்றவைக்கும் வரிசையையும் அணைக்கும் வரிசையையும் தமிழிலும் இந்தியிலும் தகட்டில் பொறித்து பர்னர் மூடியிலேயே அடித்துவைக்கச் செலவு மிகக் குறைவு. அதைவிடக் கடினமானதும் அவசியமானதும் ஒப்பந்தப் பட்டியலில் ஒரு வரி. தினமும் வேலை முடிந்தபின் ஸ்கிரீட் ஆறவும் சுத்தம் செய்யவும் ஒரு மணி நேரம், வாரம் ஒருமுறை பர்னரும் ஓஸும் தெர்மோகப்பிளும் பார்க்க அரை நாள், இரண்டுக்கும் கன மீட்டரோடு கலக்காமல் தனியாக விலை. பார்த்தவர் பெயரும் நேரமும் பதிந்த பக்கம் இல்லாமல் அந்த வாரத்துப் பில் நெடுஞ்சாலைத் துறையின் மேசைக்குப் போகக் கூடாது.